அட்சரேகை: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிவம் 1 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கும் எங்களிடம் ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பாடம் வரும்போது ஏறக்குறைய இதே கேள்விகள்தாம் வரும். பிள்ளைகள் கேட்பது பாதி, அவர்களைக் கூட்டிப்போக மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கும் அப்பாக்களும் தாத்தாக்களும் கேட்பது பாதி. மலாய்ப் பாடப்புத்தகத்தில் ‘கரிசான் லத்திதுட்’ என்று இருப்பதை இங்கே அட்சரேகை என்கிறோம். ‘லோங்கிதுட்’ தீர்க்கரேகை, ‘கத்துலிஸ்தீவா’ பூமத்தியரேகை. ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட். அதனால் கணக்கெல்லாம் இந்த ஊருக்கே போட்டிருக்கிறோம்.

குளோப்பில் குறுக்கே வளையம் வளையமாக ஓடும் கோடுகள் எதைக் காட்டுகின்றன?

ஓர் இடம் பூமத்தியரேகையிலிருந்து எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது என்பதை. ஆனால் அந்த ‘எவ்வளவு’ கிலோமீட்டரில் இல்லை, கோணத்தில் சொல்லப்படுகிறது. பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். புத்தகம் கோட்டைக் காட்டுகிறது, கோணத்தைக் காட்டுவதில்லை.

ஒரு தம்புன் பம்ப்ளிமாஸை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பு வடதுருவம், அடி தென்துருவம். நடுவில் குறுக்காக வெட்டினால் கத்தி போன வட்டம் பூமத்தியரேகை. இப்போது வெட்டிய பகுதியின் நட்டநடுப் புள்ளிதான் பூமியின் மையம். அந்தப் புள்ளியிலிருந்து தோலை நோக்கி இரண்டு குச்சிகளைச் செருகுங்கள். ஒன்று பூமத்தியரேகை நோக்கி, மற்றொன்று அதற்கு நேர் மேலே நம் ஊர் இருக்கும் இடத்தை நோக்கி. இரண்டு குச்சிகளுக்கும் இடையில் எத்தனை டிகிரி விரிகிறதோ அதுதான் நம் அட்சரேகை. காம்பை நோக்கிச் செருகினால் 90 டிகிரி. அதற்கு மேல் போக இடமில்லை. அதனால்தான் அட்சரேகை 0 முதல் 90 வரைதான், வடக்கில் ஒரு 90, தெற்கில் ஒரு 90.

அதே பழத்தை உரித்தால் தெரியும் சுளைகளின் ஓரம் தீர்க்கரேகை. அவை மேலும் கீழும் ஒன்று சேர்ந்துவிடும். குறுக்கே வெட்டிய வட்டங்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

நம் ஊரின் அட்சரேகை என்ன?

வடக்கு 4.8 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். இன்னும் கொஞ்சம் நுணுக்கமாக 4 டிகிரி 49 கலை. ஒரு டிகிரிக்கு 60 கலை. கைப்பேசி 4.82 என்று காட்டினால், 0.82-ஐ 60-ஆல் பெருக்குங்கள், 49 வரும். 4.82-ஐ ‘4 டிகிரி 82 கலை’ என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் போய்விடும்.

ஒப்பிடுவதற்கு: ஈப்போ 4.6, கோலாலம்பூர் 3.1, ஜார்ஜ் டவுன் 5.4, ஜொகூர் பாரு 1.5. கடல் தாண்டினால் கன்னியாகுமரி 8.1, யாழ்ப்பாணம் 9.7, சென்னை 13.1. எல்லாமே வடக்கு.

ஒரு டிகிரி என்றால் எத்தனை கிலோமீட்டர்?

ஏறக்குறைய 111. பூமியைச் சுற்றிவர 40,000 கிலோமீட்டர். அதை 360-ஆல் வகுத்தால் கிடைப்பது அது. நமக்கும் பூமத்தியரேகைக்கும் இடையே 4.82 பெருக்கல் 111, அதாவது 535 கிலோமீட்டர் சொச்சம். இங்கிருந்து நூல் பிடித்தாற்போல் தெற்கே போனால் மலாக்கா நீரிணையைக் கடந்து, சுமத்ராவில் பெக்கான்பாருவுக்குச் சற்று தெற்கே போய் பூமத்தியரேகையைத் தொடலாம்.

கப்பல்காரர்களின் கடல் மைலும் இதிலிருந்து வந்ததுதான். ஒரு கலை அட்சரேகை ஒரு கடல் மைல், 1,852 மீட்டர்.

தீர்க்கரேகையிலும் ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர்தானே?

பூமத்தியரேகையில் மட்டும். வடக்கே போகப் போக வட்டம் சுருங்குகிறது. 60 டிகிரியில் பாதியாகிவிடும், துருவத்தில் ஒன்றுமில்லை. நம் ஊரில் சுருக்கம் அரை விழுக்காடு கூட இல்லை என்பதால் வித்தியாசம் தெரியாது.

மலேசியா பூமத்தியரேகை நாடுதானே? அப்படியானால் கோடு எந்த மாநிலம் வழியாகப் போகிறது?

எந்த மாநிலம் வழியாகவும் போகவில்லை. நம் நாடு முழுவதும் வட அரைக்கோளத்தில்தான் இருக்கிறது. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை ஜொகூரின் தஞ்சோங் பியாய். அதுவே 1.3 டிகிரி வடக்கில் நின்றுவிடுகிறது. சரவாக்கின் தெற்கு எல்லை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினாலும் சுழியத்தைத் தொடாது. கோடு போகும் ஊரைப் பார்க்க ஆசைப்பட்டால் போர்னியோவில் இந்தோனேசியப் பக்கம் இருக்கும் பொந்தியானாக் போகலாம், அங்கே அதற்கென்று ஒரு நினைவுச்சின்னம் உண்டு. இம்மாதிரி சின்னங்களில் கோடு கீறி வைத்திருந்தாலும் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். எக்குவடோரின் கித்தோ அருகே சுற்றுப்பயணிகள் படமெடுத்துக்கொள்ளும் மஞ்சள் கோடு, இன்றைய ஜிபிஎஸ் காட்டும் பூமத்தியரேகையிலிருந்து ஏறக்குறைய 240 மீட்டர் தள்ளி இருக்கிறது.

நம் ஊரில் எப்போது சூரியன் நேர் உச்சியில் நிற்கும்? பன்னிரண்டு மணிக்குத்தானே?

இரண்டு பகுதியாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் நாள். சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஆண்டில் இரண்டே முறை: ஏப்ரல் முதல் வாரத் தொடக்கத்தில் ஒன்று, செப்டம்பர் 10-ஐ ஒட்டி ஒன்று. மற்ற நாள்களில் கொஞ்சம் வடக்கே அல்லது தெற்கே சாய்ந்துதான் இருக்கும். மார்ச் 21-ஐ ஒட்டிப் பூமத்தியரேகைக்கு மேலே நிற்கும் சூரியன், பிறகு ஒவ்வொரு நாளும் வடக்கே நகர்கிறது. ஏப்ரல் 2 வாக்கில் நம் தலைக்கு மேல், ஏப்ரல் 10-ஐ ஒட்டிக் கன்னியாகுமரிக்கு மேல், சித்திரைப் புத்தாண்டு கொண்டாடும் நாள்களில் யாழ்ப்பாணத்துக்கு மேல், ஏப்ரல் 24 வாக்கில் சென்னைக்கு மேல். ஜூன் 21-ல் கடக ரேகையை, 23.4 டிகிரியை, எட்டித் திரும்புகிறது. தமிழர் வாழும் ஊர்களை வரிசையாகத் தொட்டுக்கொண்டு போகும் இந்தப் பயணத்தைப் பிள்ளைகளிடம் சொன்னால், கடக ரேகையும் மகர ரேகையும் ஏன் அந்த இடத்தில் இருக்கின்றன என்று தனியாக விளக்க வேண்டியிருப்பதில்லை. சூரியன் திரும்பும் இடம், அவ்வளவுதான்.

அடுத்தது நேரம். பன்னிரண்டு மணிக்கு நம் ஊரில் உச்சி வெயில் வராது. ஒன்றேகால் வாக்கில்தான் வரும். நம் கடிகாரம் 120 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் இருப்பதோ 101-ல். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்றால் 76 நிமிடம் தள்ளிப்போகிறது.

நிழல் எந்தப் பக்கம் விழும்?

மதிய நிழலைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். இங்கே அது பக்கம் மாறும். டிசம்பரில் சூரியன் தெற்கே இருப்பதால் நிழல் வடக்கே விழும். ஒரு மீட்டர் கம்புக்கு 54 சென்டிமீட்டர். ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுவதால் நிழல் தெற்கே, 34 சென்டிமீட்டர். லண்டனில் இருப்பவருக்கு இந்த வேடிக்கை கிடையாது, அங்கே ஆண்டு முழுவதும் மதிய நிழல் வடக்கேதான். வீட்டின் எந்தப் பக்கத்துச் சுவர் வேகும் என்பதும் இதனால் மாறுகிறது. ஜூனில் வடக்குச் சுவர், டிசம்பரில் தெற்குச் சுவர்.

கருவி எதுவும் இல்லாமல் நம் அட்சரேகையை நாமே அளக்க முடியுமா?

முடியும். இந்தப் பாடத்தில் செய்வதற்கு உருப்படியான வேலை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வோம். பெயர் பெற்ற ஐந்து அட்சரேகைகளை மனப்பாடம் செய்வதைவிட ஒரு கம்பை வெயிலில் நட்டு வைப்பது மேல்.

மார்ச் 20 அல்லது 21, இல்லையென்றால் செப்டம்பர் 22 அல்லது 23. அந்த நாள்களில் சூரியன் பூமத்தியரேகைக்கு மேலே நிற்கும். சமதளமான சிமெண்டுத் தரையில் ஒரு மீட்டர் கம்பை நிறுத்துங்கள். நேராக நிற்கிறதா என்று கொத்தனாரின் தூக்குக்குண்டை வைத்துச் சரிபாருங்கள். மார்ச் என்றால் ஒன்று பத்திலிருந்து ஒன்று நாற்பது வரை, செப்டம்பர் என்றால் ஒரு மணிக்குச் சற்று முன்பிருந்து ஒன்று இருபது வரை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சாக்கட்டியால் குறித்துக்கொண்டே வாருங்கள். எது ஆகக் குட்டையான நிழலோ அதை அளங்கள். நம் ஊரில் 8 சென்டிமீட்டரும் கொஞ்சமும் வர வேண்டும். நிழலின் நீளத்தைக் கம்பின் உயரத்தால் வகுத்தால் 0.084. கால்குலேட்டரில் தலைகீழ் டான் (tan⁻¹) போட்டால் 4.8 டிகிரி.

ஒரு சென்டிமீட்டர் பிசகினால் அரை டிகிரிக்கு மேல் தவறும். கணக்கில் உங்கள் ஊர் தாப்பா பக்கம் போய்விடும். நிழலின் நுனி மங்கலாக இருப்பதால் பிசகுவது எளிது. சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அரை டிகிரி அகலத் தட்டாக இருப்பதுதான் காரணம். கம்பின் உச்சியில் சிறு துளையிட்ட அட்டையை ஒட்டிவிட்டு, துளையின் உயரத்தையும் தரையில் விழும் ஒளிப்பொட்டின் நடுவையும் அளந்தால் நன்றாக வரும்.

ஜொகூர் பாருவில் உறவினர் இருந்தால் அதே நாளில் அங்கேயும் ஒரு கம்பை நடச் சொல்லுங்கள். அங்கே நிழல் 2.6 சென்டிமீட்டர், அதாவது 1.5 டிகிரி. வித்தியாசம் 3.3 டிகிரி. வடக்குத் தெற்காக இரண்டு ஊருக்கும் இடையே 367 கிலோமீட்டர். 367-ஐ 3.3-ஆல் வகுத்து 360-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு வந்துவிடும். (நெடுஞ்சாலைத் தூரத்தைப் போட்டுவிடாதீர்கள். சாலை தென்கிழக்காகப் போகிறது. வரைபடத்தில் நேர் வடக்குத் தெற்குத் தூரத்தை மட்டும் எடுக்க வேண்டும்.) எரதோஸ்தனீஸ் என்ற கிரேக்கர் 2,200 ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தில் செய்தது இதே கணக்குதான். சையீனில் சூரியன் நேர் உச்சியில் நின்ற நாளில் அலெக்சாந்திரியாவில் 7.2 டிகிரி சாய்ந்திருந்தது. வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் இடையிலான தூரத்தை ஐம்பதால் பெருக்கினார்.

ஊரில் ஏன் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் விடிகிறது?

பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். நம் ஊரில் ஆக நீண்ட பகல் 12 மணி 24 நிமிடம், ஆகக் குறுகியது 11 மணி 50 நிமிடம். அரை மணி நேர வித்தியாசம். சென்னையில் இது ஒன்றரை மணி நேரம். லண்டனிலோ கோடையில் பதினாறரை மணி நேரப் பகலும் குளிர்காலத்தில் எட்டு மணி நேரத்துக்கும் குறைவான பகலும் உண்டு.

தோட்டத்தில் பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுக்கும்) நேரம் காலண்டர் பார்த்து மாறாததற்கு இதுவும் ஒரு காரணம். நம் ஊரில் சூரிய உதயம் ஆண்டு முழுவதும் ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில்தான். பால் மரம் வெட்டுகிறவர்கள் எல்லா மாதமும் ஒரே இருட்டில்தான் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் போக வேண்டும். விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக வடியும், வெயில் ஏற ஏற நின்றுவிடும். கோடையில் சீக்கிரம் விடிந்துவிட்டது, குளிர்காலத்தில் தாமதமாகப் போகலாம் என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

ரப்பரும் செம்பனையும் ஏன் இங்கே வந்தன? இதற்கும் அட்சரேகைக்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. சொல்லப்போனால் நாம் இந்த ஊரில் இருப்பதற்கே அதில் ஒரு பங்கு இருக்கிறது.

ரப்பர் பிரேசிலின் மரம். 1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் தாப்பாஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார். அவர் விதை பொறுக்கிய இடம் பூமத்தியரேகைக்குத் தெற்கே 3 டிகிரி வாக்கில். கியூவில் கண்ணாடி வீட்டுக்குள் முளைத்ததை லண்டனின் 51.5 டிகிரி மண்ணில் நட முடியாது, ஒரு குளிர்காலத்தைத் தாங்காது. அதே வெயிலும் அதே மழையும் அதே பன்னிரண்டு மணி நேரப் பகலும் உள்ள இடம் வேண்டும். கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை, எவ்வளவு கிட்டே என்பதுதான் முக்கியம். இலங்கைக்குப் போனவை போக, 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. நம் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாம். அந்தப் பழைய நடவிலிருந்து வந்த ஒரு மரம் இன்றும் அங்கே மாவட்ட அலுவலகம் அருகே நிற்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டாதவர்கள் ஒருமுறை காட்டுங்கள். கோலகங்சாரின் அட்சரேகையும் 4.8-தான்.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். அட்சரேகை மட்டுமே காரணம் என்றால் பிரேசிலே பெரிய ரப்பர் தோட்டங்களைப் போட்டிருக்கலாமே? போட்டுப் பார்த்தார்கள். கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1928-ல் அதே தாப்பாஜோஸ் கரையில் ஃபோர்டுலாண்டியா என்ற தோட்ட நகரத்தையே தொடங்கினார், எடுபடவில்லை. அங்கே இயற்கையாக இருக்கும் ஒரு பூஞ்சை, இலைக்கருகல் நோயைப் பரப்புகிறது. காட்டில் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் பிழைத்துக்கொள்ளும். வரிசையாக நெருக்கி நட்டால் ஒரு மரத்திலிருந்து மறுமரத்துக்குப் பரவிக் காலி செய்துவிடும். கடல் தாண்டி வந்த விதைகளோடு அந்தப் பூஞ்சை வரவில்லை. ஆக, அட்சரேகை மரத்தை இங்கே வாழவிட்டது, நோய் இல்லாமை தோட்டத்தை வாழவிட்டது. பாடப்புத்தகங்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கின்றன.

மரம் வந்தாயிற்று, வெட்ட ஆள் வேண்டுமே. அவர்களை 8 முதல் 13 டிகிரிக்குள் இருந்த தமிழக மாவட்டங்களிலிருந்து கப்பலேற்றினார்கள். அந்தக் கதையில் அட்சரேகைக்கு வேலையில்லை. பஞ்சம், கடன், கங்காணி, துரை எல்லாம் அதில் வரும். அதை வேறு பாடமாகத்தான் சொல்ல வேண்டும்.

செம்பனையின் கதை இன்னும் நேர்த்தியானது. அதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. நைஜீரியாவின் போர்ட் ஹார்கோர்ட் செம்பனை இயற்கையாக வளரும் வட்டாரத்தில் இருக்கும் துறைமுகம். அதன் அட்சரேகையைத் தேடிப் பாருங்கள், வடக்கு 4.8. குளோப்பில் சுங்கை சிப்புட் மேல் விரலை வைத்து மேற்கே அப்படியே இழுத்தால் இந்தியப் பெருங்கடலையும் ஆப்பிரிக்காவையும் கடந்து அங்கே போய் நிற்கும். இங்கே வணிகத்துக்காக முதலில் செம்பனை போட்டது 1917-ல், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். ரப்பரைப் பிடுங்கிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டங்களில் மரம் மாறியது, ஆள் மாறினார்கள், அட்சரேகை மட்டும் இரண்டுக்கும் பொருந்தியது.

கேமரன் மலையும் நம் அட்சரேகையில்தானே இருக்கிறது? அங்கே ஏன் குளிர்கிறது?

ஆமாம், 4.5 டிகிரி. நம்மைவிட பூமத்தியரேகைக்குக் கொஞ்சம் கிட்டேகூட. குளிருக்குக் காரணம் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும், பிரிஞ்சாங் 1,500 மீட்டருக்குப் பக்கம். கொலம்பியாவின் பொகோத்தாவும் 4.7-ல்தான் இருக்கிறது. 2,600 மீட்டர் உயரம், கம்பளிச் சட்டை போடும் ஊர். ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ 3 டிகிரி தெற்கில் பனியோடு நிற்கிறது. ஆனால் கேமரனிலும் பகல் நேரம் நம் ஊர் மாதிரிதான். மலை ஏறினால் குளிர் மாறும், பகலின் நீளம் மாறாது.

பூமத்தியரேகையைத் தாண்டினால் கழுவுதொட்டியில் தண்ணீர் எதிர்ப்பக்கம் சுழலுமாமே?

சுழலாது. சுற்றுப்பயணிகளிடம் காசு வாங்கக் காட்டும் வித்தை அது. தண்ணீரை எந்தப் பக்கமிருந்து ஊற்றுகிறார்கள், தொட்டி எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சுழலும். பூமி சுழல்வதன் விளைவு பெரிய காற்று மண்டலங்களில்தான் தெரியும். புயல் வடக்கே கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமும் தெற்கே கடிகாரத்தோடும் சுழல்வது அதனால்தான். பூமத்தியரேகையை நெருங்க நெருங்க அந்த விளைவு தேய்ந்து சுழியமாகிவிடும். ஐந்து டிகிரிக்குள் சூறாவளி உருவாவது அரிது என்பதற்கு அதுவே காரணம். அரிதுதான், அறவே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2001 டிசம்பரில் வாமெய் என்ற சூறாவளி ஒன்றரை டிகிரியில் உருவாகி ஜொகூரில் கரை ஏறியது.

தை பிறந்தால் சூரியன் வடக்கே திரும்புகிறான் என்று பாட்டி சொல்கிறார். மகர ரேகை என்பதும் அதுதானா?

இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கியவை, பிறகு நாள் பிரிந்துவிட்டது. சூரியன் தெற்கே 23.4 டிகிரிக்கு மேலே நின்று திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-ல். பொங்கல் ஜனவரி 14, 15-ல் வருகிறது. மூன்று வாரத்துக்கும் சற்றுக் கூடுதலான இடைவெளி. நம் பஞ்சாங்கம் ராசிகளை நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுகிறது. பூமியின் அச்சோ பம்பரத்தின் தலைபோல மெல்லச் சுழன்று, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அதனால் சூரியன் திரும்பும் நாளும் மகர ராசிக்குள் நுழையும் நாளும் எழுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் விலகிக்கொண்டே வந்திருக்கின்றன. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டும் ஒரே நாளில் வந்தன. பாட்டி சொல்வது அந்தக் காலத்து வானத்துக்குச் சரி. பொங்கல் அன்று சூரியன் வடக்கு நோக்கி வந்துகொண்டிருப்பதும் உண்மைதான், கிளம்பி மூன்று வாரம் ஆகியிருக்கும். பால் பொங்குவதற்கு இதனால் ஒரு குறையுமில்லை.

ஜாதகம் எழுதப் பிறந்த ஊரின் அட்சரேகை எதற்கு?

ஜோதிடத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம், கணக்கை மட்டும் சொல்கிறோம். லக்னம் என்பது பிறந்த நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் எழும் ராசி. அடிவானம் ஊருக்கு ஊர் மாறும், அதனால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். சென்னைக்குப் போட்ட அட்டவணையை சுங்கை சிப்புட்டுக்கு அப்படியே எடுக்கக்கூடாது. பழைய பிறப்புப் பத்திரம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதற்கு முன் 1970-களில் பிறந்தவர்களுக்கு கிரீன்விச் நேரத்தைவிட எட்டு மணி நேரம் முந்திய இன்றைய கணக்கைப் போட்டால் முப்பது நிமிடம் தவறிவிடும். ஏழரை என்று போட வேண்டும்.

துருவ நட்சத்திரத்தை வைத்து அட்சரேகை கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, இங்கே தெரியுமா?

துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ அதுவே அந்த ஊரின் அட்சரேகை. நம் ஊரில் ஐந்து டிகிரி. கையை முழுக்க நீட்டி நடு மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் அவ்வளவு உயரம்தான். செம்பனை ஓலையும் மலையும் புகைமூட்டமும் அதை மறைத்துவிடும். கடற்கரையில் வடக்கே திறந்த வானம் இருந்தால் முயன்று பார்க்கலாம். கல்யாணத்தில் காட்டும் அருந்ததிக்கு அந்தக் கஷ்டமில்லை. ஏப்ரல், மே மாத இரவுகளில் வடக்கே பார்த்தால் நாற்பது டிகிரி உயரம் வரை ஏறி நிற்கும். அதே மாதங்களில் தெற்கே திரும்பினால் தென்சிலுவையும் தெரியும். வடதுருவப் பக்கத்து வானத்தையும் தென்துருவப் பக்கத்து வானத்தையும் ஒரே வாசலில் நின்று பார்க்கிற வாய்ப்பு லண்டன்காரருக்கு இல்லை.

பூமி சரியான உருண்டைதானா?

நடுவில் கொஞ்சம் பருத்தது. மையத்திலிருந்து பூமத்தியரேகைக்கு 6,378 கிலோமீட்டர், துருவத்துக்கு 6,357. பள்ளிக் கணக்குக்கு உருண்டை என்றே வைத்துக்கொள்ளலாம்.

கடக ரேகை நகர்கிறதாமே?

ஆமாம், ஆண்டுக்கு ஏறக்குறைய 15 மீட்டர் தெற்கே. பூமியின் சாய்வு மிக மெதுவாகக் குறைந்துவருகிறது. மேலே 23.4 என்று சொன்னாலும், தேர்வுக்கு 23.5 என்றே எழுதுங்கள்.

கைப்பேசியில் இரண்டு எண் காட்டுகிறது. எது அட்சரேகை?

முதலில் வருவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. நம் ஊரில் குழப்பமே வராது, ஒன்று 4 சொச்சம், மற்றொன்று 101 சொச்சம். 101 என்று ஓர் அட்சரேகை உலகத்திலேயே கிடையாது. அட்சரேகைக்கு முன் கழித்தல் குறி இருந்தால் தெற்கு.

லயத்து வீட்டுக்கு முகவரி இல்லை. இந்த எண்களை அனுப்பினால் போதுமா?

போதும், புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் அனுப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து. 4.8 என்று ஓர் இலக்கம் மட்டும் போட்டால் அடுத்த எண்ணுக்கு நகர்வதே 11 கிலோமீட்டர். அதற்குள் சில தோட்டங்களே அடங்கிவிடும். இரண்டு இலக்கம் என்றால் 1.1 கிலோமீட்டர், மூன்று என்றால் 111 மீட்டர். நான்கு இலக்கம் 11 மீட்டர், ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கச் சரியாக இருக்கும். ஐந்து, ஆறு இலக்கம் எழுதிப் பயனில்லை, கைப்பேசியே அவ்வளவு துல்லியமாகப் பிடிப்பதில்லை. தோட்டத்துக்குள் அவசரம் என்று 999-க்கு அழைக்கிறவர்கள், தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் சொன்ன பிறகு இந்த இரண்டு எண்களையும் நான்கு இலக்கத்தோடு வாசித்துவிடுங்கள். வீட்டு வாசலில் நின்று இன்றே பார்த்து, சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவைத்துவிட்டால் அந்த நேரத்தில் தேட வேண்டியதில்லை.